ஊரடங்கில் நிறைமாதம்: பயத்தை என்ன செய்வது?

(2022 ஜனவரியில், தமிழ்நாட்டில் கொரோனா மூன்றாம் அலையின்போது, ஒரு கர்ப்பிணிக்கு எழுதிய பதில்.)

"முப்பத்தாறு வாரம் முடிந்துவிட்டது, தலைப்பிரசவம். டாக்டர் பிப்ரவரி 11 என்று தேதி கொடுத்திருக்கிறார். கொரோனா தடுப்பூசி இரண்டு தவணையும் போட்டுக்கொண்டேன். ஆனாலும் மூன்றாம் அலை ஏறிக்கொண்டே போகிறது. இரவு பத்து மணிக்கு மேல் ஊரடங்கு. தூக்கம் வராமல் இரண்டு மணி வரை போனில் செய்தி பார்த்துக்கொண்டு கிடக்கிறேன். கடைசி நிமிடம் வரை ஆஸ்பத்திரிப் பக்கமே போகவேண்டாம், நோய் அங்கேதான் இருக்கிறது என்கிறார் மாமியார். நீ பயந்தால் குழந்தைக்கு ஆகாது என்கிறார் அம்மா. பயப்படாமல் இருப்பது எப்படி?"

இதுதான் நீ கேட்டது. நான் முப்பத்தொரு வருடம் அரசு மருத்துவமனைகளில் செவிலியராக இருந்து, சென்ற செப்டம்பரில் ஓய்வுபெற்றவள். அதில் பத்தொன்பது வருடம் பிரசவ வார்டில். 2020, 2021 இரண்டு அலைகளையும் அந்த வார்டுக்குள் நின்றுதான் பார்த்தேன். என் மகளுக்கும் உன் வயதுதான் இருக்கும். ஆகவே நீ என்றே எழுதுகிறேன்.

முதலில் உன் அம்மா சொன்னது. எல்லாத் தாய்மாரும் சொல்வதுதான், அன்பினால் சொல்வதுதான். ஆனால் அதைக் கேட்கிற பெண்ணுக்கு என்ன ஆகிறது என்று நான் வார்டில் நிறையப் பார்த்திருக்கிறேன். ஏற்கெனவே நோயை நினைத்து ஒரு பயம். இப்போது, "ஐயோ, நான் பயந்துவிட்டேனே, குழந்தைக்கு என்ன ஆயிற்றோ" என்று இன்னொரு பயம். இரண்டாவதுதான் தூக்கத்தைக் கெடுக்கிறது. அதை இன்றைக்கே இறக்கி வைத்துவிடு. ஓர் இரவு அழுததாலோ, செய்தியைப் பார்த்து நெஞ்சு படபடத்ததாலோ உன் குழந்தைக்கு ஒன்றும் ஆகிவிடாது. வெள்ளம், புயல், கலவரம், வீட்டில் சாவு என்று எத்தனையோ நடுவே பிள்ளை பெற்றவர்களை நான் கையால் தொட்டுப் பார்த்திருக்கிறேன். சாப்பாடே இறங்கவில்லை, பத்துப் பதினைந்து நாளாகக் கண்ணே மூடவில்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை என்றால் அது வேறு. அதை டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லவேண்டும். உன் கடிதத்தைப் படித்தால் நீ அந்த இடத்தில் இல்லை என்றுதான் தோன்றுகிறது. தலைப்பிரசவம், ஊரில் நோய், இரவில் வெளியே போகத் தடை. பயம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

ஆகவே பயப்படாமல் இருப்பது எப்படி என்று நான் சொல்லித்தரப் போவதில்லை. வந்த பயத்தை எங்கே உட்காரவைப்பது என்று மட்டும் சொல்கிறேன்.

இருட்டில் படுத்துக்கொண்டு யோசிக்கும்போது எல்லாம் ஒரே மூட்டையாகத் தெரியும். விளக்கைப் போட்டு அந்த மூட்டையை அவிழ்த்துப் பார்த்தால் அதற்குள் ஐந்தாறு தனித்தனிக் கேள்விகள் இருக்கும். ராத்திரி வலி வந்தால் எப்படிப் போவது? ஆஸ்பத்திரியில் எனக்குத் தொற்றினால்? பிரசவ நேரத்தில் எனக்குத் தொற்று இருப்பது தெரிந்தால் சிசேரியன் செய்துவிடுவார்களா? குழந்தையைப் பிரித்துவிடுவார்களா? கூட யாரையும் விடாமல் என்னைத் தனியாகப் படுக்கவைத்துவிடுவார்களா? இவை எல்லாவற்றுக்கும் பதில் இருக்கிறது. சிலவற்றுக்கு நான் சொல்கிறேன், சிலவற்றுக்கு நீ பிரசவம் பார்க்கப்போகிற ஆஸ்பத்திரிதான் சொல்லவேண்டும்.

இரவுப் பயணத்தை முதலில் முடித்துவிடுவோம். இந்த 2022 ஜனவரியில் ஊரடங்கு இரவு 10 மணி முதல் காலை 5 மணி வரை. மருத்துவ அவசரத்துக்குப் போகிறவர்களுக்கு அதில் தடை கிடையாது. நிறைமாத வயிறே உனக்கு அனுமதிச் சீட்டு. கையில் தாய் சேய் நல அட்டை இருந்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை முழு ஊரடங்குக்கும் இதே விதிதான். 108 எந்த நேரமும் வரும். வண்டியிலேயே பிரசவம் ஆகிவிட்டாலும் பார்க்கத் தெரிந்தவர் அதில் இருப்பார். ஆனால் தொற்று ஏறும் வாரங்களில் 108 வர நேரமாகலாம் என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். சென்ற மே மாதம் அப்படித்தான் இருந்தது. எனவே இரண்டாவது வழி ஒன்று கட்டாயம் வேண்டும். தெருவிலோ அடுத்த தெருவிலோ ஓர் ஆட்டோக்காரர், கார் வைத்திருக்கும் உறவினர், யாரேனும் ஒருவரிடம், "தை கடைசியில் என் வீட்டில் பிரசவம், ராத்திரி கூப்பிட்டாலும் வரவேண்டும்" என்று உன் கணவர் நேரில் போய்ச் சொல்லட்டும். போனில் சொல்வது போதாது. நேரில் போய்க் கேட்டால் எந்த ஆட்டோக்காரரும் மறுத்து நான் பார்த்ததில்லை. பகலில் ஒருமுறை, இரவு ஒன்பது மணிவாக்கில் ஒருமுறை, வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்று அவர் வண்டியில் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். அந்த நிமிடக் கணக்கு உன் காதில் விழுந்த அன்று உனக்கு ஒரு மணி நேரத் தூக்கம் கூடும்.

போன வருடத்து தினசரிக் காலண்டரின் அட்டையை இன்னும் தூக்கிப்போட்டிருக்க மாட்டீர்கள். அதன் பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதுங்கள்: ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டு எண், உங்கள் பகுதி சுகாதார செவிலியரின் எண், 108, மருத்துவ ஆலோசனைக்கு 104, ஆட்டோக்காரர் எண், உன் ரத்த வகை, அதே வகை உள்ள இரண்டு பேரின் எண், பிக்மி எண் (கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது கொடுத்தது). பிக்மி எண் இல்லாமல் பிறகு பிறப்புச் சான்றிதழுக்கு அலைய நேரும். ரத்தத்துக்கு ஆள் சொல்லிவைக்கச் சொல்வது உன்னைப் பயமுறுத்த இல்லை. ஊரடங்குக் காலத்தில் ரத்ததான முகாம்கள் நடப்பது குறைந்துவிடுகிறது, ரத்த வங்கிகளில் இருப்பு குறைந்துவிடுகிறது, அவ்வளவுதான். அந்த அட்டையை வாசற்கதவுப் பக்கம் ஆணியில் மாட்டு. வலி வந்த நேரத்தில் உன் போனைத் திறந்து எண் தேடுவதற்கு உன் மாமனாரால் முடியாது. சுவரில் இருந்தால் யாரும் படிக்கலாம்.

பையைப் பற்றி நீ கேட்கவில்லை. அதற்குப் பட்டியல் கொடுக்க ஊரே இருக்கும். நான் சேர்ப்பது இரண்டு: துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய பருத்தி வேட்டியைக் கிழித்து நான்கைந்து துண்டுகள், வெயிலில் காயவைத்து. போனுக்கு நீள ஒயர் உள்ள சார்ஜர். கூட ஒருவர்தான் இருக்கமுடியும் என்ற நாளில் அந்தப் போன்தான் உன் வீடு.

இனி உன் மாமியார் சொன்னதற்கு வருகிறேன். இந்தப் பகுதியை அவருக்கும் படித்துக் காட்டு. அவர் சொல்வதில் பாதி சரி. தலைப்பிரசவத்தில் வலி தொடங்கிப் பிள்ளை பிறக்கப் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆவது சாதாரணம். முதல் சுருக்குக்கே ஓடிவந்து, கர்ப்பவாய் இரண்டு விரல்கூடத் திறக்காமல் வார்டில் இரவெல்லாம் உட்கார்ந்திருப்பதால் யாருக்கும் லாபமில்லை. தொற்றுக் காலத்தில் அது நட்டமும்தான். வலி விட்டு விட்டு, ஒழுங்கில்லாமல் வந்து, நடந்தால் குறைந்து, படுத்தால் அடங்கிப்போனால் அது நம் பெரியவர்கள் சொல்லும் சூட்டு வலி. வெந்நீரில் குளி, ஏதாவது சாப்பிடு, படுத்துத் தூங்கு. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு நிமிடம் நீடித்து, ஒரு மணி நேரம் தொடர்ந்து வந்தால் அது மெய்யான வலி, அப்போது கிளம்பு. ஆஸ்பத்திரி ஒரு மணி நேரத் தொலைவு என்றால் அதற்கு முன்பே.

மற்றப் பாதியில்தான் உயிர் இருக்கிறது. வலிக்குக் காத்திருக்கலாம். சில அறிகுறிகளுக்குக் காத்திருக்கவே கூடாது.

2020 ஜூன் மாதம். முதல் ஊரடங்கு தளர்ந்தும் தளராமலும் இருந்த நாட்கள். மாலை ஆறு மணி இருக்கும், ஓர் ஆட்டோ வார்டு வாசல்வரை வந்து நின்றது. இருபத்திரண்டு வயதுப் பெண், முப்பத்துநான்கு வாரம். வீட்டில் ஒருமுறை, வழியில் ஒருமுறை ஜன்னி, அதாவது வலிப்பு, வந்திருக்கிறது. ரத்த அழுத்தம் 180க்கு 120. நெற்றியில் சுக்குப் பற்றுப் போட்டிருந்தார்கள்; அது காய்ந்து, வெடித்து, புருவத்தில் உதிர்ந்துகொண்டிருந்தது. இரண்டு நாளாகத் தலைவலி, கண் மங்கலாகத் தெரிகிறது என்று சொல்லியிருக்கிறாள். ஆஸ்பத்திரிக்குப் போனால் கொரோனா ஒட்டிக்கொள்ளும் என்று பற்றுப் போட்டுப் படுக்கவைத்திருக்கிறார்கள். கெட்ட எண்ணம் கொண்டவர்கள் யாரும் அந்த வீட்டில் இல்லை. அந்த மாமியார் வாசலில் மண்ணில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டதை நான் பார்த்தேன். மெக்னீசியம் சல்பேட் ஊசி போட்டு ஜன்னியை நிறுத்தினோம், அன்றிரவே அறுவை சிகிச்சை. அவள் ஐந்து நாள் தீவிர சிகிச்சையில் இருந்தாள், குழந்தை மூன்று வாரம் இன்குபேட்டரில். இரண்டு பேரும் வீட்டுக்குப் போனார்கள். நூலிழையில் தப்பியது அது. அந்த வருடம் எல்லோருக்கும் அப்படி அமையவில்லை.

ஆகவே தலைவலி விடாமல் இருந்தாலோ, கண் முன் பூச்சி பறந்தாலோ, முகமும் கையும் திடீரென்று வீங்கினாலோ, நெஞ்சுக்குழிக்குக் கீழே வலித்தாலோ, ரத்த அழுத்தம் 140க்கு 90 தொட்டாலோ, உடனே போகவேண்டும். உதிரம் பட்டால் உடனே. பனிக்குடம் உடைந்து நீர் போனால் வலி இல்லாவிட்டாலும் போகவேண்டும். அந்த நீர் பச்சையாக இருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக்கூடாது. காய்ச்சல் என்றாலும், மூச்சு வாங்கினாலும் அப்படித்தான். கடைசி நாட்களில் சளியும் கொஞ்சம் ரத்தக் கோடும் கலந்து படுவது உண்டு, அதற்குப் பயப்படவேண்டாம்; தீட்டுப்போல் சிவப்பாக இறங்கினால்தான் ஓடவேண்டும்.

இன்னொன்று குழந்தையின் அசைவு. தினமும் ஒரே நேரத்தில், சாப்பிட்டு முடித்து, இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்து எண்ணு. இரண்டு மணி நேரத்துக்குள் பத்து அசைவு வந்துவிடவேண்டும். பெரும்பாலும் அரை மணியிலேயே வந்துவிடும். வராவிட்டால் "காலையில் பார்க்கலாம்" என்று விடாதே, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ. இடம் குறைந்துவிட்டது, அதனால் நிறைமாதத்தில் குழந்தை அசையாது என்று யாராவது சொன்னால் நம்பாதே. உதை உருளலாக மாறும்; எண்ணிக்கை குறையக் கூடாது. இதை நான் மருத்துவத்துக்காக மட்டும் சொல்லவில்லை. போனைப் பார்க்கும் நேரத்தில் ஒரு மணியை வயிற்றின்மேல் கைவைத்துச் செலவழித்தால் அன்றைக்கு உனக்குத் தேவையான செய்தி அங்கேயே கிடைத்துவிடும்.

போனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தினமும் இருபதாயிரத்தைத் தாண்டுகிறது என்று இரவு எட்டு மணிக்கு ஓர் எண் வருகிறது. அந்த எண் உன் பிரசவத்தைப் பற்றி எதையும் சொல்வதில்லை. சென்ற மே 21 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று என்றார்கள். அன்றும் எங்கள் வார்டில் குழந்தைகள் பிறந்தன, தாய்மார் சர்க்கரை போட்ட காப்பி கேட்டார்கள். உனக்குத் தெரியவேண்டியவை இரண்டே: ஊரடங்கு விதி மாறியதா, ஆஸ்பத்திரியின் விதி மாறியதா. அந்த வேலையை உன் கணவரிடம் கொடு. காலையில் அவர் பார்த்து, மாற்றம் இருந்தால் மட்டும் உனக்குச் சொல்லட்டும். ஒன்பது மணிக்குப் போனை அடுத்த அறையில் சார்ஜ் போட்டுவிடு. உன்னால் முடியாத ஒன்றை நான் கேட்கவில்லை. முதல் இரண்டு இரவு கை பரபரக்கும், மூன்றாம் இரவு அடங்கிவிடும்.

ஆஸ்பத்திரியைக் கண்டு உனக்கு வரும் பயத்தை நான் முட்டாள்தனம் என்று சொல்லமாட்டேன். பயிற்சிக் காலத்தில் எங்கள் ஆசிரியை சொன்ன ஒரு வரலாறு எனக்கு மறக்கவேயில்லை. 1840களில் வியன்னா பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவ வார்டுகள் இருந்தன. ஒன்றில் மருத்துவர்களும் மாணவர்களும், மற்றதில் மருத்துவச்சிகளும் பிரசவம் பார்த்தார்கள். முதல் வார்டில் சராசரியாக நூற்றுக்குப் பத்துப் பேர் பிரசவக் காய்ச்சலில் இறந்தார்கள். இரண்டாவதில் அதில் பாதிகூட இல்லை. ஊரில் பெண்களுக்கு இது தெரிந்திருந்தது. முதல் வார்டில் சேர்க்கவேண்டாம் என்று முழங்காலிட்டுக் கெஞ்சினார்கள். சிலர் தெருவிலேயே பெற்றுக்கொண்டார்கள். அறியாத பெண்களின் வீண் பயம் என்றுதான் பெரியவர்கள் நினைத்தார்கள். செம்மல்வைஸ் என்ற மருத்துவர் ஒருவர்தான் அந்தப் பயத்தின் பின்னால் என்ன இருக்கிறது என்று தேடினார். பிணத்தை அறுத்துப் படித்த கையோடு மாணவர்கள் பிரசவம் பார்க்க வருகிறார்கள் என்று கண்டுபிடித்து, 1847ல் குளோரின் கலந்த நீரில் கை கழுவவைத்தார். சில மாதங்களில் சாவு சடசடவென்று குறைந்தது. அந்தப் பெண்கள் பயந்தது சரியாகத்தான் பயந்திருக்கிறார்கள். அவர்களை நின்று கேட்க ஆள் இல்லை.

நீ கேள். வாய் திறந்து கேள். அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டு போ. தொற்று உள்ள தாய்மாருக்குத் தனி இடம் இருக்கிறதா, அங்கே யார் பார்ப்பார்கள்? கூட ஒருவரை விடுவீர்களா? குழந்தையை என்னோடு வைத்துக்கொள்ளலாமா? பரிசோதனை முடிவு வராமல் வலி வந்துவிட்டால் என்ன செய்வீர்கள்? கடைசிக் கேள்விக்கு நானே பதில் சொல்கிறேன். இந்த 2022 ஜனவரி 10ஆம் தேதி இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தெளிவாகச் சொல்லிவிட்டது: பரிசோதனை செய்யவில்லை என்பதற்காகப் பிரசவத்தையோ அவசர அறுவை சிகிச்சையையோ தாமதப்படுத்தக் கூடாது, அறிகுறி இல்லாத கர்ப்பிணிகளுக்குத் தேவையில்லாமல் பரிசோதனையும் வேண்டாம். வாசலில் யாராவது "ரிசல்ட் எங்கே?" என்று நிறுத்தினால் உன் கணவர் இதைத் தணிவான குரலில் சொல்லட்டும். இந்த விவரம் கையில் இருப்பவருக்குச் சண்டை போடவேண்டிய அவசியம் வராது.

தொற்று வந்தே விட்டால் என்ன ஆகும்? நீ தடுப்பூசி இரண்டு தவணையும் போட்டுக்கொண்டதாக எழுதியிருக்கிறாய். சென்ற ஜூலை 2ஆம் தேதிதான் கர்ப்பிணிகளுக்கு அனுமதி வந்தது. அதற்கு முந்தைய அலையில் எங்கள் வார்டுக்கு வந்த பெண்கள் யாருக்கும் அந்தப் பாதுகாப்புக் கிடைக்கவில்லை. உனக்கு இருக்கிறது. உன் உடம்பு உண்டாக்கிய எதிர்ப்பு சக்தியில் ஒரு பங்கு நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கும் போயிருக்கும். தொற்று இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகச் சிசேரியன் செய்யத் தேவையில்லை. சுகப்பிரசவம் ஆகிற பெண்ணுக்கு அப்போதும் சுகப்பிரசவம்தான். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். மருந்துக்கடையில் கேட்டு வலி மாத்திரை எதுவும் வாங்கி விழுங்காதே, குறிப்பாக இபுபுரூஃபன் நிறைமாதத்தில் கூடாது. கஷாயம், குடிநீர் எதுவானாலும் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில் 95க்குக் கீழே காட்டினால் வீட்டில் இருக்கக் கூடாது. குழந்தை உன்னோடுதான் இருக்கும். முகக்கவசம் போட்டுக்கொண்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, சீம்பாலிலிருந்து எல்லாமே கொடுக்கலாம். உலக சுகாதார நிறுவனம் தொடக்கத்திலிருந்தே இதைத்தான் சொல்லிவருகிறது. தாயையும் பிள்ளையையும் பிரிப்பதால் வரும் கேடுதான் பெரிது.

கூட ஆள் இருப்பதைப் பற்றி எனக்கு ஒரு மனவருத்தம் உண்டு. நம் அரசு மருத்துவமனைகளில் பிரசவ நேரத்தில் ஒரு பெண் துணை உடனிருக்கும் ஏற்பாடு பல ஆண்டுகளாக இருக்கிறது. 2020ன் முதல் சில வாரங்கள் நாங்கள் வேலைபார்த்த இடத்தில் அதை நிறுத்திவிட்டார்கள். யாருக்கும் எதுவும் தெளிவாகத் தெரியாத நேரம். ஆனால் அந்த வாரங்களில் பிரசவங்கள் நீண்டுகொண்டே போனதை நாங்கள் எல்லோரும் கவனித்தோம். வீட்டில் நன்றாக வந்துகொண்டிருந்த வலி, வார்டு வெளிச்சத்தையும் கவச உடைகளையும் பார்த்ததும் நின்றுவிடும். வெருண்ட உடம்பில் அட்ரினலின் ஏறும். கர்ப்பப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்சிடோசின் அதன் முன்னால் பின்வாங்கும். பூனை குட்டிகளைக் கவ்விக்கொண்டு ஏழு வீடு மாறுவதைப் பார்த்திருப்பாய். பெற்ற உயிர் எதுவும் வெளிச்சமும் சத்தமும் இல்லாத மூலையைத்தான் தேடும். அம்மாவோ அக்காவோ வந்து இடுப்பைத் தேய்த்துவிட்டால் அரை மணியில் வலி திரும்பும். துணையை மீண்டும் விட்ட நாளில் எங்களுக்கே மூச்சு வந்தது.

அதனால் உன்னோடு யார் வரப்போகிறார்கள் என்பதை இப்போதே முடிவு செய். அன்பு அதிகம் உள்ளவரைவிட நிதானம் அதிகம் உள்ளவரைத் தேர்ந்தெடு. உன் அம்மா உன்னைப் பார்த்து அழுதுவிடுகிறவர் என்றால், சித்தியோ அத்தையோ வரட்டும். அம்மா வீட்டில் பத்தியச் சாப்பாட்டைப் பார்க்கட்டும். உன்னோடு வருகிறவர் இரண்டு தவணை ஊசி போட்டிருக்கவேண்டும். இன்னும் மூன்று நான்கு வாரம் கல்யாணம், சாவு என்று கூட்டத்துக்குப் போகாமலும் இருக்கவேண்டும்.

சென்ற மே மாதம் தொற்று உள்ளவர்களுக்கான அறையில் ஒரு பெண். நான் முழுக் கவச உடையில், இரண்டு கையுறை, முகத்துக்குக் கண்ணாடித் தடுப்பு. அதற்குள் வியர்வை கண்ணில் இறங்கும், துடைக்க முடியாது. வலிக்கு நடுவே அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சிஸ்டர், உங்க மூஞ்சி எப்படி இருக்கும்?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. மார்க்கர் பேனா எடுத்துக் கவச உடையின் மார்பில் என் பெயரை எழுதினேன். அவள் எழுத்துக்கூட்டிப் படித்தாள். பிறகு ஒவ்வொரு வலிக்கும் அந்தப் பெயரைச் சொல்லியே கூப்பிட்டாள். சுவாசத்தை மட்டும் சொல்லிக்கொடுத்தேன்: வலி ஏறும்போது மூக்கால் இழு, பிறகு சூடான பாலை ஆற்றி ஊதுவதுபோல் உதட்டைக் குவித்து மெதுவாக ஊது, உள்ளே இழுத்ததைவிட இரண்டு மடங்கு நேரம். முகக்கவசத்துக்குள்ளும் அதைச் செய்யலாம். தோள் இறங்கும், தாடை தளரும். தாடை தளர்ந்தால் கீழேயும் தளரும் என்பது மருத்துவச்சிகளின் பழைய கணக்கு, என் அனுபவத்திலும் சரி. காலை நான்கரைக்குப் பெண் குழந்தை. கொரோனா வார்டில் பிறந்ததே என்று அவள் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. எடை எவ்வளவு என்றுதான் கேட்டாள்.

அந்த ஊதும் மூச்சை இன்றிலிருந்தே பழகு. வலி வந்த அன்று புதிதாக எதையும் கற்றுக்கொள்ள முடியாது. இரவு விழிப்பு வரும்போது பத்துமுறை. உன் கணவர் பக்கத்தில் இருந்து எண்ணட்டும், அவருக்கும் ஒரு வேலை வேண்டும். உள்ளே வரமுடியாமல் வாசலில் நிற்கப்போகும் மனிதருக்கும் பயம் இருக்கும் என்பதை வீட்டில் யாரும் நினைப்பதில்லை.

பிப்ரவரி 11 என்ற தேதியைக் கல்வெட்டாக வைத்துக்கொள்ளாதே. சொன்ன தேதியிலேயே பிறப்பவை நூற்றுக்கு ஐந்து குழந்தைகள்கூட இல்லை. முப்பத்தேழு வாரம் முடிந்தபின் எந்த நாளும் நல்ல நாள்தான். அக்கம்பக்கத்தார் "இன்னுமா ஆகவில்லை?" என்று கேட்பார்கள், இந்த வருடம் முகக்கவசத்துக்குப் பின்னால் இருந்து கேட்பார்கள், அவ்வளவே வித்தியாசம்.

பிறந்த பிறகு ஒரு விஷயத்தில் நீ கொடுத்துவைத்தவள். 2020ல் நாங்கள் கண்கூடாகப் பார்த்தது இது: பார்வையாளர்களைத் தடுத்தபோது தாய்மார் தூங்கினார்கள், குழந்தைகள் தூங்கின, பால் கொடுக்கும் தாய் நிமிடத்துக்கு ஒருமுறை முந்தானையைச் சரிசெய்யவேண்டியிருக்கவில்லை. முன்பெல்லாம் மணிக்குப் பத்துப் பேர் வந்து குழந்தையைக் கைமாற்றுவார்கள். வாசலிலேயே கால் கழுவிவிட்டு உள்ளே வா என்பது நம் வீடுகளின் பழைய சட்டம்தானே. அதோடு கையையும் சேர்த்துக்கொள்ளச் சொல். நாற்பது நாள்வரை வீடியோவில் பார்த்துக்கொள்ளட்டும். யாரும் கோபித்துக்கொண்டால் பழியை டாக்டர்மேல் போடு, அதற்குத்தான் நாங்கள் இருக்கிறோம். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவிட 102 வண்டி இலவசமாக வரும், கூட்டமான வண்டியில் ஏறவேண்டாம். மூன்றாம் நான்காம் நாள் காரணமில்லாமல் அழுகை வரும். பால் இறங்கும் நேரத்தில் பலருக்கும் வருவது, தானாகப் போய்விடும். இரண்டு வாரம் கடந்தும் போகவில்லை என்றால், குழந்தையைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்றால், மறைக்காமல் உங்கள் சுகாதார செவிலியரிடம் சொல், அல்லது 104ஐக் கூப்பிடு. அதிலும் மனநல ஆலோசனை தருகிறார்கள்.

இன்று மாட்டுப் பொங்கல், ஜனவரி 15. நாளை ஞாயிறு, முழு ஊரடங்கு. மருந்துக்கடை தவிர வேறு கடை எதுவும் இருக்காது; அதற்கும் நாளை அலையவேண்டாம். பாராசிட்டமாலும் தெர்மாமீட்டரும் வீட்டில் இல்லையென்றால் இன்றைக்கே வாங்கிவிடச் சொல். பொங்கலுக்கு ஆட்டோக்காரரும் வீட்டில்தான் இருப்பார். சாயங்காலம் ஒரு தூக்கில் சர்க்கரைப் பொங்கலோடு உன் கணவரை அனுப்பு. அவர் திரும்பி வந்ததும் அட்டையில் அந்த எண்ணை எழுதி மாட்டிவிட்டுப் படு.